மூன்றாவது மேடு

சிம்பாங் ரெங்கம் ஊருக்கு வெளியே செம்பனைத் தோட்டச் சாலையில் மூன்று மேடுகள். ஞாயிறு காலையில் நானும் என் கணவர் செழியனும் அங்கே சைக்கிளில் போவோம். அவர் நெஞ்சில் கட்டும் பட்டையிலிருந்து இதயத் துடிப்பு அவர் சைக்கிள் மீட்டரில் தெரியும்.

"நூத்தி நாப்பதைத் தாண்டக்கூடாது. சின்ன கியர் போட்டுப் பேசிக்கிட்டே ஏறணும். அடுத்த மேட்டுக்கு மூச்சு மிச்சம் இருக்கணும்" என்பார்.

மார்ச் மாதம், மூன்றாவது மேட்டில் நான் முன்னால் போய்விட்டுத் திரும்பிக் கத்தினேன்.

"சீக்கிரம் வாங்க லா, கடைசி மேடுதானே!"

வேகமாக மிதித்தார். உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் விழுந்தார்.

ஜெர்சியையும் நெஞ்சுப் பட்டையையும் நானே சவப்பெட்டிக்குள் வைத்தேன். அவரோடு எரிந்தன.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த ஞாயிறு, அவர் சைக்கிளை எடுத்தேன். என் நெஞ்சில் எதுவும் கட்டவில்லை. மீட்டரில் 96 வந்தது. முதல் மேட்டில் 128. இரண்டாவதில் 137. மூன்றாவதில் 150ஐத் தாண்டியது. இறங்கித் தள்ளினேன். அப்படியும் எண் ஏறியது. அவர் விழுந்த இடத்தில் பூஜ்யம்.

அடுத்த ஞாயிறும் அப்படியே.

இன்று மூன்றாவது மேட்டின் அடியிலேயே நின்றேன். "போதுங்க, வீட்டுக்குப் போலாம்" என்று சைக்கிளைத் திருப்பினேன். எண் மெல்ல இறங்கியது.

மீட்டரைக் கழற்றி, கட்டிலில் அவர் பக்கம் வைத்திருக்கிறேன். சார்ஜரில்தான் இருக்கிறது. 58. அவர் நன்றாகத் தூங்கும்போது அவ்வளவுதான் இருக்கும்.

மதியச் சமையலுக்கு மிக்சியைப் போடவில்லை.