உள்ளே இருப்பவர்

சாரம் சரிந்து சுடலைமுத்து செத்ததை அந்தக் கட்டடத்தில் எல்லோரும் பார்த்தார்கள். கம்பெனி கணினி மட்டும் பார்க்கவில்லை. அதில் அவர் பெயருக்கு நேரே இன்னும் பச்சை எரிந்தது.

“வேலையில செத்தாருன்னு எழுதிக் குடுங்க தம்பி” என்று வந்து நின்ற அவர் மனைவி பேச்சிக்கனிக்கு, அலுவலகத் தயாளன் திரையைத் திருப்பிக் காட்டினான்.

“காலையில நம்பர் போட்டு உள்ள வந்தாருல்லக்கா? அப்பவே இது அவர் போனுக்கு ஒரு குக்கி குடுத்துரும். அடையாளச் சீட்டு மாதிரி. அப்புறம் ஆளையே பாக்காது, சீட்டத்தான் நம்பும். உள்ள இருக்கிறவர இறந்துட்டாருன்னு போட விடாது.”

“நான் புதைச்சிட்டு வந்திருக்கேன்.”

“சரிக்கா. அவர் போன்ல ‘வெளியேறு’ன்னு அமுக்கணும்.”

“போனும் அவரோட சேந்துல்லா நொறுங்கிச்சு!”

“அதுக்கு நாங்க என்ன செய்ய? சிஸ்டம் அப்படி.”

“உள்ளதான இருக்காரு? கூப்பிடு.”

“வெளாடாதீங்கக்கா.”

“ஏலே, நானா வெளாடுதேன்?”

வெளியே வந்து அண்ணாந்து பார்த்தாள். தாலி கட்டிய நாள்முதல் வாயால் சொல்லாத பெயரை அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

“சுடலைமுத்தூ! வெளிய வாரும்!”

கலவை மிஷினை யாரோ அணைத்தார்கள். தயாளன் ஓடிவந்து, “வேலையப் பாருங்கய்யா!” என்றான். ஒருவரும் சட்டியைத் தொடவில்லை. மூன்றாம் மாடியில் ஒரு சித்தாள் தலைச்சும்மாட்டை அவிழ்த்து எறிந்துவிட்டுக் கூப்பிட்டாள்.

“சுடலைமுத்தண்ணே! வெளிய வாங்க!”