சகதியில் பதிந்த நகம்

“இது நாய்,” என்றார் பேராசிரியர் அழகிரி, பிளாஸ்டர் அச்சை மேசைமேல் தள்ளிவைத்து. “நாலு நகமும் பளிச்சுனு பதிஞ்சிருக்கு. நடக்கும்போது பூனை நகத்தை உள்ளே இழுத்துக்கும். இது முதல் வருஷப் பாடம்மா.”

“வந்ததுமே சொன்னேனே, பூனைதான் சார்,” என்றாள் ரோசரி. “மீன் பிடிக்கிற காட்டுப்பூனை. அதுக்கு நகம் முழுசா உள்ளே போகாது. சகதியில பதியும்.”

ரோசரி திருச்சியில் ஒரு பெண்கள் கல்லூரியில் விலங்கியல் ஆசிரியை. சொந்த ஊர் முத்துப்பேட்டைப் பக்கம். அங்கே உப்பங்கழி ஓரம் புலிக்குட்டி மாதிரி ஏதோ நடமாடுவதாக, அந்த 1957 கோடையில் பேப்பரில் ஒரு சின்னச் செய்தி வந்தது. லீவுக்கு ஊருக்குக் கிளம்பியவளிடம் காலடித் தடத்தை அச்செடுத்து வரச் சொன்னவரே அவளுடைய பழைய பேராசிரியர் அழகிரிதான். பூனை என்று உறுதியானால் மறுநாளே துப்பாக்கியோடு புறப்பட்டுவிடுவார். கீரி, மரநாய் எல்லாம் அவர் அறை அலமாரியில் பஞ்சடைத்து நின்றன. மீன்பிடிப்பூனைக்கு மட்டும் இடம் காலி.

“கழுத்தளவு தண்ணியில முங்கி, மடவை மீனைக் கவ்விக்கிட்டு வருது சார். நாய் செய்யுமா?”

“பசிச்சா செய்யும். உங்க ஊரு நாய் கெட்டிக்கார நாய்னு வச்சுக்குங்க.”

ரோசரி விடவில்லை. பாடப்புத்தகம் தப்பாக இருக்கலாம் என்றாள். சென்னை மியூசியத்துக்கே எழுதிக் கேட்டுவிடலாம் என்றாள். அவள் பேசப் பேச அவர் முகம் சிவந்தது. தனக்கே பாடம் எடுக்கிறாயா என்றவர், இருவர் பேரிலும் வரவிருந்த கட்டுரையிலிருந்து அவள் பேரை எடுத்துவிடப் போவதாகச் சொன்னார். ஸ்ரீரங்கம் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்தும் விட்டார்.

ரோசரி வாசலை மறித்து நின்றாள்.

“எடுத்துடுங்க சார். ஆனா இது நாய்னு உங்க கையால எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுங்க. யாரு முட்டாள்னு நாளைக்குத் தெரியட்டும்.”

பேனா தாளைக் கிழித்துவிடும் வேகத்தில் எழுதி நீட்டினார்.

கேட்டருகே அவள் அண்ணன் அற்புதசாமி சைக்கிளோடு காத்திருந்தான்.

“என்னம்மா ஆச்சு? வராரா?”

“வரலண்ணே. நாய்னு எழுதியே கொடுத்துட்டாரு. இனி யாரும் அந்தப் பக்கம் துப்பாக்கி தூக்க மாட்டாங்க.”

“அதுக்கு ஏன் தெரு வரைக்கும் கேக்குற மாதிரி பூனை பூனைன்னு சண்டை? நாய்னு நீயே சொல்லிட்டு வந்திருக்கலாமே.”

ரோசரி கேரியரில் ஏறி உட்கார்ந்தாள்.

“நான் நாய்னு சொல்லியிருந்தா, இந்நேரம் அவரு பூனையைச் சுட ரயில் ஏறியிருப்பாருண்ணே.”