பேர் வைக்கிற முறை

"சுஜீதாவையோ? அவள் என்னத்துக்கு?"

மாமியின் குரல் ஹோலிலிருந்து குசினிவரை வந்தது. குரக்கன் களி கிண்டிக்கொண்டிருந்த சுஜீதாவின் கை அப்படியே நின்றுவிட்டது.

டென்மார்க்கின் விபோர்க் நகரத்தில், மாமி மங்கையற்கரசியின் வீட்டில், அன்று இளைய மகன் நிதுஷனின் பிள்ளைக்குப் பேர் வைக்கிற நாள். பிள்ளையின் தாய் அக்கீக்கி உகண்டாக்காரி. மேற்கு உகண்டாவின் தூரோ சனம். அந்தச் சனத்தில் ஒவ்வொருவருக்கும் சொந்தப் பெயர் போக 'எம்பாக்கோ' என்று இன்னொரு பெயர் உண்டு. அன்போடும் மரியாதையோடும் ஆளை அழைக்கிற பெயர். அதைத்தான் இன்றைக்கு வைக்கப் போகிறார்கள்.

சுஜீதா மூத்த மருமகள். புருசன் ரஜீவன் கார் விபத்தில் போன பிறகு, இந்த வீட்டில் எந்த நல்ல காரியம் நடந்தாலும் அவளுக்கு இடம் குசினிதான். போ என்று ஒருவரும் சொன்னதில்லை. வா என்றும் சொன்னதில்லை. வேலை செய்கிற முதியோர் இல்லத்தில் அத்தனை பேரையும் மேய்க்கிறவள், இங்கே வந்தால் சட்டிபானைக்குப் பின்னால் ஒதுங்கிவிடுவாள்.

"அம்மா, அவையின்ர முறைப்படி தகப்பன்ர தமையன்ர மனிசிதான் பிள்ளையைத் தூக்கிப் பேர் வைக்கோணுமாம்," என்றான் நிதுஷன்.

"இவ்வளவு நாளும் சொல்லேல்லையே! உன்ர தங்கச்சி சாரங்கி சீலை உடுத்து வந்து நிக்கிறாள். அத்தைக்காரி வைக்கட்டும்."

அக்கீக்கி டேனிஷில் ஏதோ சொன்னாள். நிதுஷன் தமிழில் திருப்பிச் சொன்னான்.

"வேற ஆரும் வைச்சால் பேர் ஒட்டாதாம் அம்மா."

"எங்கட முறை அவளுக்கு விளங்காது தம்பி. பச்சைக் குழந்தை... தாலி இல்லாதவள்ர கையில..."

குரல் தாழ்ந்தது. ஆனால் குசினிக்குக் கேட்கிற அளவுக்குத்தான் தாழ்ந்தது.

சுஜீதா அடுப்பை நிற்பாட்டினாள். ஜக்கெற்றை எடுத்துக்கொண்டு பின்கதவால் போய்விடலாமா என்றிருந்தது. கோபம்கூட மாமிமேல் வரவில்லை, அக்கீக்கிமேல்தான் வந்தது. கல்யாணம் முடித்து ஒன்றரை வருசம். ஒன்றும் தெரியாத பெண். தன்ர ஊர் முறையைப் பிடித்துக்கொண்டு என்னை எல்லாரும் பார்க்கச் சந்தியில் நிறுத்துறாளே!

கதவைத் தள்ளிக்கொண்டு அக்கீக்கியே பிள்ளையோடு வந்தாள்.

"அக்கா, வாங்கோ." அவளுக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான்.

"என்னை விடு," என்றாள் சுஜீதா டேனிஷில். "இது உனக்கு விளங்காது."

"எனக்கு எங்கட முறைதான் விளங்கும்," என்று சொல்லிப் பிள்ளையைத் தூக்கி அவள் கையில் வைத்துவிட்டாள் அக்கீக்கி. கையில் வந்த பிள்ளையை என்ன செய்வது? சுஜீதா ஹோலுக்கு நடந்தாள்.

ஒரு பக்கம் தமிழ்ச் சனம். மற்றப் பக்கம் அக்கீக்கியின் சொந்தங்கள். மாமி யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டா.

ஓகூஸ் நகரத்திலிருந்து வந்திருந்த அக்கீக்கியின் சின்னம்மா டேனிஷில் கேட்டா: "முதல்ல பிள்ளையின்ர முகத்தைப் பார். உங்கட ஆக்களில ஆரைப் போல இருக்கிறான்?"

சுஜீதா குனிந்து பார்த்தாள். மூக்கு தாயினுடையது. நெற்றியும் தாயினுடையதுதான். காது?

"ரஜீவன்ர காது," என்றாள். தமிழில்தான் வந்தது.

அந்தப் பெயரை அந்த வீட்டில் சத்தமாகச் சொல்லி வருசக்கணக்காகிவிட்டது. மாமி திரும்பினா. எழும்பி வந்தா. பிள்ளையின் காதை இரண்டு விரலால் மெதுவாகப் பிடித்துப் பார்த்தா.

"ஓம்... மேல் மடிப்பு அவன்ரதான்... அப்பிடியே கிடக்கு."

சின்னம்மா எம்பாக்கோப் பெயர்களைச் சொல்லத் தொடங்கினா. "அமூத்தி, அபூலி, அத்தேன்யி, அராலி..."

"என்ன? அராலியோ?" மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டா. "அது எங்கட ஊரெல்லோ! யாழ்ப்பாணத்தில இருக்கிற ஊர் இவைக்கு எப்பிடித் தெரியும்?"

நிதுஷன் டேனிஷில் சொல்ல, இரண்டு பக்கமும் சிரிப்பு வெடித்தது. அக்கீக்கிதான் எல்லாரிலும் கூடச் சிரித்தாள்.

"பிறகென்ன பாத்துக்கொண்டு நிக்கிறாய்? வை பிள்ளை பேரை!" என்று மாமி சுஜீதாவின் தோளில் தட்டினா.

"அராலி," என்றாள் சுஜீதா. பிள்ளை கொட்டாவி விட்டான்.

எல்லாரும் ஒன்றாக இருந்து களி தின்றார்கள். புகையில் வாட்டிய மாட்டிறைச்சியும் வைப்பது தூரோ வழக்கமாம். மாட்டிறைச்சி தின்னாத இந்த வீட்டுக்காக, அதற்குப் பதில் அவரைக்காய்க் கறி. சுஜீதாவுக்கு மாமிதான் கோப்பையில் போட்டுக் கொடுத்தா. எத்தனையோ காலத்துக்குப் பிறகு, சுஜீதா கதிரையில் நன்றாகச் சாய்ந்திருந்து சாப்பிட்டாள்.

சனம் வெளிக்கிடும்போது, சுஜீதா சின்னம்மாவின் ஜக்கெற்றை எடுத்துக் கொடுக்கப் போனாள்.

"உங்கட முறை நல்ல முறை," என்றாள். "தமையன்ர மனிசிக்கு இப்பிடி ஒரு மரியாதை எங்களிட்ட இல்லை."

சின்னம்மா சுற்றுமுற்றும் பார்த்தா. பிறகு அவள் காதுக்குக் கிட்ட வந்து சொன்னா:

"எங்களிட்டயும் இல்லைப் பிள்ளை. தகப்பன்ர சகோதரிதான் பேர் வைக்கிறது. ஆராவது வாயைத் திறந்தியள் எண்டால் சாப்பாடு கிடையாது எண்டு, நேற்று அக்கீக்கி எங்கள் எல்லாருக்கும் போன் எடுத்துச் சொல்லிப்போட்டாள்!"