எழுபது வயசு எலிகள்

"காலின்னு எழுதி ஒட்டியிருக்கிற கூண்டு எப்படிம்மா தீனி தின்னும்?"

பேராசிரியர் கேட்டதும் எலிக்கா தீனி டப்பாவை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

எலிக்கா என்பது அவருடைய பெயர் அல்ல. அந்தப் புற்றுநோய் ஆராய்ச்சிக் கூடத்தில் எலிகளுக்குத் தீனி வைப்பது, கூண்டு சுத்தம் செய்வது, மருந்து ஊசி போடுவது எல்லாம் அவர் பொறுப்பு. எலி அக்கா என்று கூப்பிடத் தொடங்கி, அவசரத்தில் எலிக்கா ஆகிவிட்டார்.

பேராசிரியர் கூண்டின் மேலிருந்த துணியை விலக்கினார். உள்ளே மூன்று எலிகள். முடி கொட்டி, முதுகு கூனி, வந்திருப்பது யார் என்று பார்க்கக்கூட அக்கறை இல்லாமல் படுத்திருந்தன.

"என்ன வயசு இதுங்களுக்கு?"

"ரெண்டு வருஷம் ஆச்சு சார். நம்ம கணக்குல எழுபது இருக்கும்."

"ஆறு மாசம் ஆனா முடிச்சிடணும்னு விதி இருக்கா இல்லையா?"

"இருக்கு சார். மனசு வரல. ஒரு பதினொண்ணை மட்டும் ஒளிச்சு வச்சேன்."

விதியை மீறியது தப்பு. அட்டையில் பொய் எழுதியது அதைவிடத் தப்பு. யாராக இருந்தாலும் கோபம் வரத்தான் செய்யும்.

"மிச்சம் எட்டு எங்கே?"

எலிக்கா கையுறையைக் கழற்றினார், மறுபடி மாட்டினார்.

"வயசாக ஆக எல்லாத்துக்கும் தானாவே கட்டி வந்துது சார். பாத்துட்டுச் சும்மா இருக்க முடியல. உங்க புது மருந்துல மிச்சம் இருந்ததை எட்டுக்குப் போட்டேன். கட்டி கரையல. பத்தே நாள்ல எட்டும் போயிருச்சு. மருந்து போடாத மூணுதான் இதுங்க."

பேராசிரியர் குனிந்து மூன்று எலிகளையும் உற்றுப் பார்த்தார்.

"இளசுங்களுக்கும் அதே மருந்துதான் சார். எல்லாம் ஜம்முனு இருக்கு. இதுங்களுக்கு மட்டும் ஏன் அப்படி?"

யாராவது சந்தேகம் கேட்டுவிட்டால் பேராசிரியருக்குக் கோபம் மறந்துவிடும்.

"கட்டியை மட்டும் பாத்தா போதாதும்மா. அது உக்காந்திருக்கிற இடத்தையும் பாக்கணும். இள வயசுல சுத்தி இருக்கிற சதை, கெட்ட செல்லைத் தலையெடுக்க விடாது. வயசாயிட்டா அந்தச் சதையே கெட்டுப்போய், கட்டி வளர்றதுக்குத் தோதாயிடும். நல்ல செல்லுக்கும் மருந்தைத் தாங்குற தெம்பு இருக்காது."

"கேன்சர் அதிகமா வர்றதே வயசானவங்களுக்குத்தானே சார்? அப்போ மருந்தை விடலைங்களுக்கே போட்டுப் பாத்தா எப்படி?"

"முடிவு நல்லா வரும்," என்றார் பேராசிரியர். அதை அவர் ஒரு குறையாகவே நினைக்கவில்லை.

பிறகுதான் திட்ட வந்தது ஞாபகம் வந்தது.

"இங்க பாருங்க, அடுத்த மாசம் ஆஸ்பத்திரில இந்த மருந்தைப் போடப் போறாங்க. திருட்டுத்தனமா வளத்த எலி, அனுமதி இல்லாம போட்ட ஊசி, இதையெல்லாம் நான் போய்ச் சொல்லிக்கிட்டு இருக்க முடியாது. இந்த மூணையும் இன்னைக்கே முடிச்சிடுங்க."

"ஒரு வரி எழுதியாவது வைங்க சார். மனுஷங்களுக்குப் போடப் போறதாச்சே."

"உங்களுக்கு வேலை வேணுமா, வேண்டாமா?"

வேண்டும். வீட்டில் கணவர் படுத்த படுக்கையாக இருந்தார். எலிக்கா கூண்டைத் தூக்கிக்கொண்டு போய், சொன்னபடியே மூன்றையும் முடித்தார். மறுநாளே அவரைக் கூண்டு கழுவும் அறைக்கு மாற்றிவிட்டார்கள்.

மருந்து ஆஸ்பத்திரிக்குப் போனது. பேராசிரியருக்குப் பாராட்டுக் கூட்டம் நடந்தது. பத்திரிகையில் பல் தெரியச் சிரித்தபடி படம் வந்தது.

ஒரு நாள் காலை அவர் கழுவும் அறைக்கே வந்து நின்றார். பேன்ட் நுனி தண்ணீரில் நனைவதைக்கூடக் கவனிக்கவில்லை.

"அக்கா," என்றார்.

வேறு யாரையோ கூப்பிடுகிறார் என்று எலிக்கா திரும்பிப் பார்த்தார். அறையில் வேறு யாரும் இல்லை.

"அந்த எட்டு எலி... நிச்சயமா மருந்தாலதான் செத்துதா?"

"போடாத மூணும் கட்டியோடவே உயிரோட இருந்துதே சார். நீங்க சொல்லித்தானே முடிச்சேன்."

"எதுக்காவது அளவைக் குறைச்சுப் போட்டீங்களா?"

"ரெண்டுக்குப் பாதிதான் போட்டேன். மத்ததைவிட நாலு நாள் கூட இருந்துதுங்க. அவ்வளவுதான்."

பேராசிரியர் கவிழ்த்து வைத்திருந்த வாளியின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"எங்கம்மாவுக்கு கேன்சர்க்கா. எழுபத்தி மூணு வயசு. நாளைக்கு முதல் ஊசி. என் மருந்துதான்."

எலிக்காவுக்குப் பாவமாக இருந்தது. கூடவே, சொல்லக் கூடாதுதான், கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது. இனிமேலாவது உண்மை வெளியே வந்துதானே ஆக வேண்டும்.

"யோசிக்காதீங்க சார். இப்பவே டாக்டருக்கு போன் போட்டுச் சொல்லிருங்க."

போட்டார். தண்ணீர் விழும் சத்தத்தில் காது கேட்காததால் ஸ்பீக்கரில் போட்டார்.

"டாக்டர், எங்கம்மாவுக்கு அந்த ஊசி வேண்டாம். பழைய சிகிச்சையே போதும்."

"ஏன் சார்? மருந்துல ஏதாவது பிரச்சினையா? இருந்தா தயங்காம சொல்லுங்க. வார்டுல நாளைக்கு இதே ஊசி போட இன்னும் பதினாலு பேர் இருக்காங்க. எல்லாரும் உங்கம்மா வயசுக்காரங்கதான்."

எலிக்கா குழாயை மூடினார். பேராசிரியர் அவர் முகத்தைப் பார்க்காமல் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சேச்சே, அதெல்லாம் ஒண்ணுமில்ல டாக்டர். அம்மாவுக்கு ஊசின்னாலே பயம். மத்தவங்களுக்கு நீங்க தாராளமா போடுங்க. எங்க லேப்ல ஒரு எலி கூடச் சாகல."