தண்ணீர்க் கப்பலுக்கு ஈடாக

"கேட்குதா எஸ்தர்? உன் மக தலைக்கு ஊத்திக்கிட்டுப் பாடுறா!"

ஜெபராஜ் போனைக் குளியலறைக் கதவருகே பிடித்திருக்க வேண்டும். கெசியாவின் பாட்டும் தண்ணீர் கொட்டுகிற சத்தமும் சபைக்கூடத்தில் இருந்த எஸ்தரின் காதில் விழுந்தன. பிள்ளை குளித்து எத்தனையோ மாதமாகிவிட்டது.

கோள்களின் சபையில் அவர்களுடைய குட்டி நிலவுக்கு ஒரே ஓட்டு. அதைப் போடுகிறவள் எஸ்தர். போன மாதம் அந்த ஓட்டைத்தான் பெரிய கோளிடம் அடகு வைத்தாள். அவர்கள் தண்ணீர்க் கப்பல் அனுப்புவார்கள். அடுத்து அவர்கள் கொண்டுவரும் தீர்மானம் எதுவானாலும் அவள் ஆதரிக்க வேண்டும். சபையில் எல்லோரும் செய்கிற பேரம்தான். பேச்சு மாறுகிறவர்களின் இடத்துக்கு அப்புறம் எந்தக் கப்பலும் வராது, மூச்சுவிடக் காற்று கொண்டுவரும் கப்பல்கூட.

எதுவானாலும் என்றபோது அவள் யோசிக்கவில்லை. தாகம் அப்படி.

இன்று தீர்மானத்தை வாசித்தார்கள். சிறு நிலவுகள் எல்லாவற்றுக்கும் காற்று அனுப்புவது நிறுத்தப்படும், செலவு கட்டுப்படியாகவில்லையாம்.

ஓட்டுகள் சரிபாதியாக நின்றன. மிச்சம் அவளுடையது. ஆதரித்தால் எல்லா நிலவுகளும் மூச்சு முட்டிச் சாகும். எதிர்த்தால் அவளுடைய நிலவு மட்டும்.

"தண்ணி வீணாகுது, போதும்னு சொல்லவா?" என்றான் ஜெபராஜ்.

எஸ்தர் எதிர்ப்புப் பொத்தானை அழுத்தினாள்.

"வேண்டாங்க. ஆசை தீரக் குளிக்கட்டும். இனிமே மிச்சம் பிடிக்க வேண்டியதில்ல."