கர்னலின் சாவு

துப்பாக்கி வெடித்தது. வென்டல் குரூகர் விழவில்லை.

இருபத்துமூன்று வருடங்களாக ஒவ்வொரு செப்டம்பரிலும், ஹாஸ்கெட் நகரத்தின் ஸ்தாபகர் தினத்தன்று, பிற்பகல் இரண்டு மணிக்கு அவர் தவறாமல் செத்திருக்கிறார். மழையில் செத்திருக்கிறார். இடுப்புப் பிடிப்போடு செத்திருக்கிறார். போன வருடம் முழங்கால் ஆபரேஷன் முடிந்த மூன்றாம் வாரத்தில், டாக்டர் பேச்சைக் கேட்காமல் செத்தார்.

இன்று புகைகூடக் கலைந்துவிட்டது. கர்னல் பிக்ஸ்பியின் நீலக் கோட்டுக்குள், பழைய பதிவேடு ஒன்றை நெஞ்சோடு அணைத்தபடி, நட்ட மரம்போல நின்றுகொண்டிருந்தார்.

மெயின் தெருவில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த ஊர் முழுவதும் அவருடைய முழங்காலைப் பார்த்தது.

ஹாஸ்கெட்டில் சொல்லிக்கொள்ளும்படி இப்போது ஒன்றும் கிடையாது. ரயில் நின்றுபோயிற்று. பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள். டாக்டர் செவ்வாய்க்கிழமை மட்டும் வருவார் என்பதால் மற்ற நாட்களில் யாரும் படுத்துக்கொள்வதில்லை. ஊர்ப்பலகையில் மக்கள்தொகை அறுநூற்று நாற்பது என்று இருக்கும். கல்லறைத் தோட்டத்தையும் சேர்த்து எண்ணினால் கணக்கு சரியாக வரும்.

ஆனால் ஊருக்கென்று ஒரு சாவு இருந்தது.

1888இல், பதினோரு மைல் தள்ளியிருக்கும் லின்டால்காரர்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்து மாவட்டப் பதிவேடுகளைத் தூக்கிப்போனார்கள். ஏடு எங்கே இருக்கிறதோ அங்கேதான் மாவட்டத் தலைநகர் என்பது அந்தக் காலத்து நியாயம். ஊரை நிறுவிய கர்னல் ஆம்ப்ரோஸ் பிக்ஸ்பி தனி ஆளாக மறித்து நின்று, நிலப் பதிவேட்டை விடாமல், குண்டடிபட்டுச் செத்தார்.

ரோஷக்கார ஊர். அன்றிலிருந்து ஹாஸ்கெட்காரர் எவரும் லின்டாலில் இருக்கும் மாவட்ட அலுவலகத்தின் படியை மிதித்ததில்லை. பிள்ளை, பிணம், டிராக்டர், நாய் எல்லாமே தபாலில்தான் பதிவாகும். கல்யாணத்தை அடுத்த மாவட்டத்துக்குப் போய்ப் பதிவு செய்துகொண்டு வருவார்கள்.

வருடா வருடம் அந்தச் சாவை நடித்துக் காட்டும் நாடகத்தில் லின்டால் கொள்ளைக்காரனாக நடிக்கவும் உள்ளூரில் ஆள் கிடைக்காது. அந்த வேஷத்துக்கு லின்டாலிலிருந்தே ஒருவனைக் கடன் வாங்குவது வழக்கம். பதினைந்து வருடமாக வருகிறவன் டேல் ஓஸ்ட்மன், டிராக்டர் மெக்கானிக். நேரத்துக்கு வருவான், கர்னலைச் சுடுவான், லுத்தரன் சபைப் பெண்கள் செய்து கொடுக்கும் ஆப்பிள் கேக்கை வாங்கிக்கொண்டு போய்விடுவான்.

இந்த வருடம் கர்னலுக்கு வெண்கலப் பலகை வைக்க மாநில அரசு சம்மதித்திருந்தது. இறப்புச் சான்று மட்டும் வேண்டுமாம். தபாலை நம்பினால் தாமதமாகும். வியாழக்கிழமை வென்டல் மானத்தை வண்டியிலேயே வைத்துப் பூட்டிவிட்டு அந்தப் படியில் ஏறினார்.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது.

கர்னல் 1921இல் இறந்திருந்தார். எண்பத்துமூன்று வயதில், லின்டாலில், பன்றிக்கறி செரிக்காமல். தொழில் என்ற இடத்தில் மாவட்டப் பதிவாளர், ஓய்வு என்று இருந்தது. ஏடுகளைத் தாமே வண்டியில் ஏற்றிக் கொடுத்ததற்காக அந்த வேலை என்று நியமன உத்தரவிலேயே நன்றியோடு எழுதியிருந்தார்கள்.

அந்தத் தலைமுறை அவரைத் தலைமுழுகியிருக்க வேண்டும். அவன் எங்களுக்குச் செத்தான் என்று சொல்லியிருப்பார்கள். பிள்ளைகள் அதற்குக் குண்டையும் நேரத்தையும் சேர்த்துவிட்டார்கள். லின்டாலுக்குப் போய் ஏட்டில் சரிபார்ப்பதற்கு ஊரின் ரோஷம் இடம் கொடுக்கவில்லை.

மூன்று நாளாக வென்டலுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவர் ஆணி விற்கிறவர். துருப்பிடித்த ஆணியைப் புதியது என்று ஒருநாளும் விற்றதில்லை. இன்று விழுந்தால் பொய் வெண்கலத்தில் ஏறும். விழாவிட்டால் ஊருக்கு இருக்கிற ஒரே சாவும் போய்விடும்.

மேயர் கார்லீன் மைக்கைப் பொத்திக்கொண்டு, முழங்கால் பிடித்துக்கொண்டதா என்று கேட்டாள். முன்வரிசையில் இருந்த வென்டலின் மனைவி ரோவீனாவுக்கு மட்டும் அந்த முகம் புரிந்தது. உண்மை பேசப் போகிற முகம். நாற்பத்தொரு வருடத்தில் அதை இரண்டு முறை பார்த்திருக்கிறாள். இரண்டு முறையும் சொந்தக்காரர்கள் போக்குவரத்தை நிறுத்திக்கொண்டார்கள்.

வென்டல் மைக்குக்குக் கை நீட்டினார்.

அதற்குள் டேல் ஓஸ்ட்மன் கிட்டே வந்துவிட்டான். பதிவேட்டைப் பிடுங்குகிறவன்போல இரண்டு கையாலும் பற்றினான். முதுகு கூட்டத்தைப் பார்த்து இருந்தது.

வியாழக்கிழமை அவர் அந்தப் படியேறியதைப் பார்த்ததாகவும், பேசாமல் விழுந்துவிடும்படியும் காதோடு சொன்னான்.

"பொய்டா டேல். அந்த ஆளு சாகவே இல்ல" என்றார் வென்டல்.

"தெரியும்ணே. எங்கம்மாவோட தாத்தாதான் அவரு. அன்னிக்கு அவரு விழாமப் போனதுக்குத்தான் நான் வருஷா வருஷம் வந்து சுட்டுக்கிட்டிருக்கேன். விழுங்கண்ணே."

வென்டல் அவனைப் பார்த்தார். இவனுக்கு இத்தனை வருடத்தில் ஒரு காப்பிகூட வாங்கிக் கொடுத்ததில்லை என்பது நினைவுக்கு வந்து வெட்கமாக இருந்தது. பலகையில் என்ன எழுதுவது என்பது திங்கட்கிழமைப் பாடு.

விழுந்தார். முழங்காலில் ஏதோ சொடுக்கியது.

ஊர் எழுந்து நின்று கைதட்டியது. பிறகு, திருட்டுப் பரம்பரையே என்று டேலைப் பார்த்து ஒரே குரலில் கத்தியது.