தோள் பதினாறரை

மதிய வெயில் வெட்டுமேசைக் கத்தரிக்கோலில் பட்டுக் கண்ணைக் கூச வைக்கிறது. தையல்காரி கைபேசியை எட்டப் பிடித்து மறுபடியும் பார்க்கிறாள். துணியில்லாத எவளோ ஒருத்தியின் உடம்பில் இவள் முகத்தை ஒட்டி அனுப்பியிருக்கிறான், பெயர் தெரியாத ஒருவன். நாலு மணிக்குள் வீடியோ காலில் வராவிட்டால் படம் ஊருக்கே போகுமாம். பக்கத்தில் பொத்தான் தைக்கும் நாத்தனார் ஊசியைக் கீழே வைக்கிறாள். "அண்ணி, அண்ணனுக்குத் தெரிஞ்சா?" "அவருக்குக் காலையிலேயே காட்டிட்டேன். நீ என் தோளை அளந்து சொல்லு." நாத்தனார் இவள் கழுத்தில் தொங்கும் டேப்பை உருவி இவள் முதுகில் வைத்து அளக்கிறாள். "பதினாறரை." தையல்காரி குரல்பதிவை அழுத்துகிறாள். "கேளுடா, என் தோள் பதினாறரை. நீ ஒட்டின உடம்புக்குத் தோள் பதிமூணுகூடத் தேறாது. வெட்டி ஒட்டுற வேலைக்கு வந்தவனுக்கு அளவெடுக்கத் தெரிய வேணாம்?" அவனுக்கு அனுப்பிவிட்டு, அவன் எண்ணையும் மிரட்டலையும் வாடிக்கைக்காரப் பெண்களின் குழுவில் தன் கையாலேயே போடுகிறாள். கைபேசி சிணுங்குகிறது. "அக்கா, எனக்கும் இதே நம்பர்தான்." இன்னொரு சிணுங்கல். "எனக்கும்." மூன்றாவது வருவதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு குழுவில் பேசிப் பதிகிறாள். "எல்லாரும் போலீஸ் ஸ்டேஷனுக்கு வாங்க. நாலு மணிக்கு அங்கேர்ந்தே அவனுக்கு வீடியோ கால் போடுவோம்."